அழிக்கவும் வல்லது, ஆக்கவும் வல்லது: பூஞ்சணத்தின் கதை

ஐப்பசி பிறந்து மழை இறங்கிவிட்டால், ஊவா மலைச்சாரலில் வாழும் இல்லத்தரசிகளுக்குப் புதியதொரு கவலையும் கூடவே பிறந்துவிடுகின்றது. நமுனுகுலை மலையைப் போர்த்திய மூடுபனி நாட்கணக்கில் விலகுவதில்லை. பசறையைச் சூழ்ந்த தோட்டங்களில், வெயில் முகங்காட்டாத லயங்களின் சுவர்களில் ஈரம் ஏறி நிற்கின்றது. பெட்டியில் மடித்துவைத்த சேலையில் கரும்புள்ளி. மூலையில் கழற்றிவைத்த தோற்செருப்பில் சாம்பல் நிறப் படலம். முந்தாநாள் வாங்கிய பாணில் பச்சைப் பொடி. தகரத்திலிருந்த செத்தல் மிளகாயில் வெண்பஞ்சு. "பூசணம் பிடித்துவிட்டது" என்று ஒரு சொல்லிலே சொல்லி, தட்டியும் துடைத்தும் கழுவியும் நாம் அதனை மறந்துவிடுகின்றோம்.

சென்ற மாரியில் பசறைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில் ஒரு மூதாட்டியைக் காண நேர்ந்தது. சுளகிலே நிலக்கடலையைப் பரப்பி, பச்சை பூத்திருந்த மணிகளைத் துணித்துண்டால் துடைத்துத் துடைத்து ஒருபுறம் சேர்த்துக்கொண்டிருந்தார். "பாட்டி, இவற்றை எறிந்துவிடலாகாதா?" என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தார். "காசு குடுத்து வாங்குன பொருளு தம்பி. வீச மனசு வருமா? தொடச்சு வறுத்தா எல்லாஞ் சரியாப் போயிரும்" என்றார்.

அந்த ஒரு பேச்சினுள்ளே பல தலைமுறைகளின் வறுமையும் இருந்தது. பெரியதொரு பிழையும் இருந்தது. துடைத்து வறுத்தால் எல்லாம் சரியாகிவிடுவதில்லை. ஆனால், இதில் வியப்பு யாதெனில், அந்தக் கடலை மணியைக் கெடுத்த பூஞ்சணத்தின் மிக நெருங்கிய உறவினம் ஒன்று, யப்பானில் ஆயிரமாண்டுக்கு மேலாக மக்களின் உணவை ஆக்கித் தருகின்றது என்பதே. பகைவனும் பணியாளனும் ஒரே குடும்பத்தில் பிறந்தவர்களாக இருக்கின்றனர். அவர்களை எவ்வாறு இனங்காண்பது? அவர்களிடம் எவ்வாறு வேலை வாங்குவது? இவை விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரிய வினாக்கள் அல்ல. அடுக்களையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் உரியவை.

உண்ணுமுன் சீரணிக்கும் உயிர்

பூஞ்சணம் செடியன்று, விலங்குமன்று. பச்சையம் அதற்கு இல்லை. ஆகவே, செடிகளைப் போல வெயிலைக் கொண்டு உணவாக்க இயலாது. வாயும் வயிறும் இல்லை. ஆகவே, விலங்குகளைப் போல விழுங்கவும் இயலாது. மெல்லிய இழைகளாக உணவுப் பொருளின் மீதும் அதன் உள்ளும் படர்ந்து, நொதியங்கள் எனப்படும் இரசாயனப் பொருள்களை வெளியே சுரக்கின்றது. அந்நொதியங்கள் மாப்பொருளைச் சர்க்கரையாகவும், புரதத்தைச் சிறு கூறுகளாகவும், கொழுப்பை அமிலங்களாகவும் உடைக்கின்றன. உடைந்து கரைந்ததைப் பின்னர் இழைகள் உறிஞ்சிக்கொள்கின்றன. நாம் உண்டபின் சீரணிக்கின்றோம். பூஞ்சணமோ சீரணித்தபின் உண்கின்றது.

இந்த ஒரு வேறுபாட்டிலேயே அதன் முழுக் கதையும் அடங்கியிருக்கின்றது. வெளியே சுரந்த நொதியம் நம் உணவைக் கெடுத்தால் அதனை அழுகல் என்கின்றோம். அதே நொதியம் நம் உணவை மென்மையாக்கி, சுவையூட்டி, எளிதிற் செரிக்கச் செய்தால் அதனை நொதித்தல் என்கின்றோம். பூஞ்சணத்தைப் பொறுத்தவரையில் இரண்டும் ஒரே தொழில்தான்.

இங்கே நேயர்களுக்கு ஓர் ஐயம் எழக்கூடும். நம் வீட்டுத் தோசை மாவும் இட்டலி மாவும் இரவிலே பொங்குகின்றனவே, அதுவும் பூஞ்சணத்தின் வேலையா? அன்று. அங்கே புளிப்பை உண்டாக்குபவை பற்றீரியாக்கள். மாவைப் பொங்கச் செய்யும் வாயுவை விடுபவையும் பெரும்பாலும் அவையே. அப்ப மாவில் கள்ளை ஊற்றினால் அதிலுள்ள மதுவம் வேலை செய்கின்றது. மதுவம் பூஞ்சண இனத்தைச் சார்ந்ததே எனினும், தனித்தனிக் கலமாக வாழ்வது; இழை விட்டுப் படர்வதன்று. இழை விட்டுப் படரும் பூஞ்சணத்தைக் கொண்டு உணவாக்கும் கலை நம் அடுக்களைக்குள் பெரிதும் வரவில்லை. அது கிழக்காசியாவிலும் சாவகத்திலும் ஐரோப்பாவிலும் வளர்ந்தது.

மடூல்சீமையில் தொடங்கிய மாற்றம்

பூஞ்சணத்தின் வலிமையை ஊவாவைப் போல அறிந்த நிலம் உலகில் அதிகம் இல்லை. 1869ஆம் ஆண்டு, பசறைக்கு அண்மையிலுள்ள மடூல்சீமைப் பகுதியிலே, கோப்பிச் செடியின் இலைகளின் கீழ்ப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி காணப்பட்டது. பேராதனைத் தாவரப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவெய்ற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பேர்க்லி என்னும் அறிஞர் அதனை ஆராய்ந்து, புதியதொரு துருப் பூஞ்சணம் எனக் கண்டு, ஹெமிலேயா வஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டார். அப்பெயரின் பிற்பாதிக்கு 'பாழாக்குவது' என்பது பொருள். பெயருக்கேற்பவே நடந்தது. இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பித் தொழில் வீழ்ந்தது. அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது.

இம்மாற்றம் வெறும் பயிர் மாற்றமன்று. கோப்பி பருவப் பயிர். அறுவடைக்குத் தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்தவர்களுள் மிகப் பலர், அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து விடும் பயிர். அதற்கு ஆண்டு முழுவதும் கை வேண்டும். ஆகவே, ஆண்களோடு பெண்களும் பிள்ளைகளும் வந்து லயங்களிலே தங்கினர். இன்று மலையகத்தில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ் மக்களின் குடியிருப்பு வரலாற்றுக்குப் பின்னே, கண்ணுக்குத் தெரியாத ஒரு துருப்பொடியும் நிற்கின்றது என்றால் அது மிகையன்று.

தேயிலையையும் பூஞ்சணம் விட்டுவைக்கவில்லை. 1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையைத் தாக்கியது. இளங்கொழுந்தையே பற்றும் இந்நோயைச் செம்பு கலந்த மருந்துகளைத் தெளித்தே கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு, 1947இல், காட், லூஸ் என்னும் இரு ஆராய்ச்சியாளர் வேறொரு விந்தையை விவரித்து எழுதினர். தேயிலைக் கிளையைத் துளைக்கும் சிறு வண்டொன்று உண்டு. அது மரத்தைத் தின்பதில்லை. கிளைக்குள்ளே குடைந்த சுரங்கத்தின் சுவர்களிலே ஒருவகைப் பூஞ்சணத்தைப் பயிரிட்டு, அதனையே தானும் உண்டு, தன் குஞ்சுகளுக்கும் ஊட்டுகின்றது. மனிதன் ஆலைகளைக் கட்டிப் பூஞ்சணம் வளர்ப்பதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்னரே அவ்வண்டு உழவனாகிவிட்டது. தலவாக்கலையிலே தலைமையிடம் கொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் கிளை ஒன்று பசறையிலும் இயங்குகின்றது. நோயும் பூச்சியும் மண்ணும் பற்றிய ஆராய்ச்சி நம் வாசலுக்கு அருகிலேயே நடைபெறுகின்றது என்பதை இப்பகுதி மாணவர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

தேயிலை உண்மையில் நொதிக்கின்றதா?

தோட்டத்துத் தொழிற்சாலையில் வாட்டிய கொழுந்தை உருளையிட்டு அரைத்தபின், ஈரமும் குளிர்ச்சியுமுள்ள அறையிலே பரப்பி வைக்கின்றனர். பச்சை இலை செம்பு நிறமாக மாறி, மணம் கமழத் தொடங்குகின்றது. இதனைத் தொழிற்சாலைகளில் நொதிக்கவிடுதல் என்றே சொல்கின்றனர். ஆனால், இங்கே பூஞ்சணமும் இல்லை, பற்றீரியாவும் இல்லை. இலைக் கலங்கள் நசுங்கியதும், இலைக்குள்ளே முன்பு தனித்தனி அறைகளில் இருந்த நொதியமும் பொலிபீனோல் என்னும் பொருள்களும் ஒன்றோடொன்று கலக்கின்றன. காற்றிலுள்ள ஒட்சிசன் சேர, தேநீருக்கு நிறமும் துவர்ப்பும் தரும் புதிய பொருள்கள் உண்டாகின்றன. வெட்டிய வாழைக்காய் கறுப்பதும் இதே வகை மாற்றந்தான். பழைய பெயர் நிலைத்துவிட்டது. உண்மை வேறாக இருக்கின்றது.

எனினும், பூஞ்சணத்தின் துணையோடு ஆக்கப்படும் தேயிலையும் உலகில் உண்டு. சீனாவின் யுன்னான் மாகாணத்துப் பூவார்த் தேயிலையைக் குவித்து, நீர் தெளித்து, வாரக்கணக்கில் மூடி வைக்கின்றனர். அக்குவியலிலே அஸ்பெர்ஜிலஸ் இனப் பூஞ்சணங்கள் முதலிய நுண்ணுயிர்கள் வளர்ந்து, துவர்ப்பைக் குறைத்து, மண்வாசனையோடு கூடிய கரிய தேயிலையை ஆக்குகின்றன. மற்றொரு சீனத் தேயிலைக் கட்டியிலே பொன்னிறப் புள்ளிகளாகப் பூஞ்சணம் வளர்ந்திருக்கும். அதனைப் 'பொற்பூ' என்று போற்றி, புள்ளி மிகுந்த கட்டிக்கு மிகுந்த விலையும் கொடுக்கின்றனர். நீரிற் கரையும் உடனடித் தேயிலைத் தூளைச் செய்யும் ஆலைகளிலும் பூஞ்சணத்துக்கு வேலை உண்டு. ஆறிய தேநீர் கலங்கிப்போவதைத் தடுக்க, அஸ்பெர்ஜிலஸ் பூஞ்சணத்திலிருந்து பெற்ற தனேஸ் என்னும் நொதியம் பயன்படுகின்றது. பதுளையிலே 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லசப் பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழினுட்பமும் பெறுமதி சேர்த்தலும் தனிப் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகின்றன. கொழுந்தைத் தூளாக்கி ஏலத்துக்கு அனுப்புவதோடு நம் அறிவு நின்றுவிட வேண்டியதில்லை.

யப்பானியரின் தேசியப் பூஞ்சணம்

யப்பானியர் அரிசியை ஆவியில் அவித்து, அதன்மேல் அஸ்பெர்ஜிலஸ் ஒரைசே என்னும் பூஞ்சணத்தின் வித்தைத் தூவி, வெம்மையான அறையிலே இரண்டு நாள் வைக்கின்றனர். வெண்பஞ்சு போர்த்த அவ்வரிசிக்குக் கோஜி என்று பெயர். கோஜியின் நொதியங்கள் சோயா அவரையையும் கோதுமையையும் மாதக்கணக்கில் உடைத்துச் சோயாக் கூழையும் சோயாச் சாற்றையும் ஆக்குகின்றன. அரிசியிலிருந்து மதுவையும் ஆக்குகின்றன. 2006ஆம் ஆண்டு யப்பானிய மதுவடிப்புச் சங்கம் இதனைத் தேசியப் பூஞ்சணம் என்றே அறிவித்தது.

இக்கலையைப் புதிய தொழில்நுட்பமாக மாற்றியவருள் முதன்மையானவர் ஜோகிச்சி தக்காமினே என்னும் யப்பானியர். அமெரிக்காவில் குடியேறிய அவர், கோதுமைத் தவிட்டிலே இப்பூஞ்சணத்தை வளர்த்து, அதன் நொதியத்தைப் பிரித்தெடுத்து, 1894இல் காப்புரிமை பெற்றார். மாப்பொருளைச் சீரணிக்கும் மருந்தாக அது விற்பனையாயிற்று. இன்று பாண் மாவை மென்மையாக்கவும், பழச்சாற்றைத் தெளியவைக்கவும், சலவைத் தூளுக்கு வலிமை சேர்க்கவும் பூஞ்சண நொதியங்கள் ஆலைகளில் ஆக்கப்படுகின்றன. தெருமுனைக் கடையில் வாங்கும் குளிர்பானத்துக்கும் ஜாமுக்கும் புளிப்பூட்டும் சிட்ரிக் அமிலமும் அவ்வாறே. முற்காலத்தில் அது இத்தாலிய எலுமிச்சையிலிருந்து எடுக்கப்பட்டது. 1917இல் ஜேம்ஸ் கறி என்னும் அமெரிக்கர், அஸ்பெர்ஜிலஸ் நைகர் என்னும் கரும்பூஞ்சணம் சர்க்கரையிலிருந்து அவ்வமிலத்தை மிகுதியாக ஆக்க வல்லது எனக் காட்டினார். 1923 முதல் ஆலைத் தொழிலாயிற்று. இன்று உலகில் ஆண்டுதோறும் 20 இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட சிட்ரிக் அமிலம் உண்டாக்கப்படுகின்றது. அதில் மிகப் பெரும்பங்கு பூஞ்சணத்தின் உழைப்பே.

சைவ உணவினர் அறிந்துகொள்ள வேண்டிய செய்தியும் ஒன்றுண்டு. பாலாடைக்கட்டி செய்யப் பாலை உறையவைக்கும் நொதியம், பண்டு இளங்கன்றின் இரைப்பையிலிருந்தே எடுக்கப்பட்டது. 1960களிலிருந்து ரைசோமியூக்கர் என்னும் பூஞ்சணத்தின் நொதியம் அதற்குப் பதிலாக வழக்கிற்கு வந்தது. பின்னர், கன்றின் மரபணுவையே நுண்ணுயிரிலும் பூஞ்சணத்திலும் புகுத்தி, கன்றைக் கொல்லாமலேயே அந்நொதியத்தை ஆக்கும் முறையும் 1990களில் பரவியது.

மருந்துலகிலோ அதன் கொடை அளவிடற்கரியது. 1928இல் இலண்டனில் பிளெமிங் தமது ஆய்வுக் கூடத் தட்டொன்றில் தற்செயலாக விழுந்த பூஞ்சணத்தைச் சுற்றிலும் பற்றீரியாக்கள் அழிந்திருப்பதைக் கண்டார். 1940இல் ஒக்ஸ்போர்டில் புளோரியும் செயினும் அதனை மருந்தாக்கும் வழியைக் காட்டினர். எனினும், கிடைத்த மருந்து ஒரு நோயாளிக்கும் போதாததாக இருந்தது. 1943இல் அமெரிக்காவின் பியோரியா நகரில், சந்தையில் கிடைத்த பூசணம் பிடித்த முலாம்பழம் ஒன்றிலிருந்து, முன்னதைவிட மிகுதியாகப் பெனிசிலின் தரும் பூஞ்சணம் கண்டெடுக்கப்பட்டது. பெருந்தொட்டிகளில் காற்றை ஊட்டி அதனை வளர்க்கும் முறையும் வந்தது. மருந்து ஏழைக்கும் எட்டியது. குருதிக் கொழுப்பைக் குறைக்க இன்று கோடிக்கணக்கானோர் உட்கொள்ளும் ஸ்டற்றின் மருந்தின் மூலமும் பூஞ்சணமே. யப்பானிய அறிஞர் அகிரா எண்டோ 1970களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான பூஞ்சணங்களைச் சோதித்து அதனைக் கண்டார்.

ஏழையின் இறைச்சி

இத்தனையும் பெருநகர ஆலைகளின் பெருமை. லயத்து அடுப்பங்கரைக்கு இவற்றால் ஆவதென்ன என்று கேட்பீர்களாயின், அதற்கு விடை சாவகத் தீவிலே இருக்கின்றது.

நம் தோட்டங்களில் காலை உணவு கோதுமை மா ரொட்டியும் சம்பலும்; கொழுந்து மலைக்கும் கட்டிச் செல்வது அதுவே. வயிறு நிரம்புகின்றது, உடல் வளர்வதற்கு வேண்டிய புரதம் நிரம்புவதில்லை. 2016இல் எடுக்கப்பட்ட குடித்தொகை சுகாதார அளவீட்டின்படி, இலங்கை முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் அற்றவர்கள். தோட்டப் பகுதியிலோ அது 32 சதவீதம். மூன்று பிள்ளைகளில் ஒரு பிள்ளை! 2022இன் பொருளாதார நெருக்கடியில், செப்டெம்பர் மாதத்து உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டியபோது, மீனும் முட்டையும் எத்தனை லயங்களிலிருந்து விடைபெற்றிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

சாவகத்து ஏழை மக்கள் பல நூற்றாண்டுகளாக உண்டுவரும் தெம்பே என்னும் உணவு, சோயா அவரையில் ரைசோப்பஸ் என்னும் பூஞ்சணத்தை வளர்த்து ஆக்கப்படுவது. அவரையை இரவு முழுதும் ஊறவைத்து, தோலுரித்து, நன்றாக அவித்து, நீரை முற்றாக வடித்து, பரப்பி ஆறவைக்கின்றனர். ஆறியபின் பூஞ்சண வித்தைக் கலந்து, வாழையிலையில் இரண்டு விரற்கடைப் பருமனாகப் பொதிந்து வைக்கின்றனர். ஏறக்குறைய 30 பாகை செல்சியஸ் வெம்மையில் ஒன்று முதல் இரண்டு நாளில், வெண்ணிற இழைகள் அவரைகளை ஒன்றோடொன்று பிணைத்து, கத்தியால் நறுக்கத்தக்க கட்டியாக்கிவிடுகின்றன. அதனை நறுக்கி, உப்பும் மஞ்சளும் தடவிப் பொரித்தாலும் குழம்பிலிட்டாலும் காளானின் மணமும் இறைச்சியின் கடிபதமும் கிடைக்கும்.

நூறு கிராம் தெம்பேயில் ஏறத்தாழ 19 கிராம் புரதம் உண்டு. அவரைக்கு இயல்பாயுள்ள வாயுத் தொல்லையைப் பூஞ்சணம் பெருமளவு குறைத்துவிடுகின்றது. இரும்பு, நாகம் முதலிய தாதுக்களை உடலில் சேரவிடாது கட்டிவைக்கும் பைற்றேற் என்னும் பொருளையும் அது உடைக்கின்றது. சோகை மிகுந்த தாய்மாருக்கு இது சிறிய நன்மையன்று. இரண்டாம் உலகப் போரின்போது சாவகத்துச் சிறைமுகாம்களில் வயிற்றுளைவால் வாடிய கைதிகள், அவித்த அவரையைச் செரிக்க இயலாதபோதும் தெம்பேயைச் செரித்தனர்.

சோயா நமக்குப் புதிதன்று. அநுராதபுரப் பகுதியிலே அது விளைகின்றது. சோயாமீற் என்ற பெயரில் பொதி செய்த துண்டுகள் ஒவ்வொரு தோட்டத்துக் கடையிலும் தொங்குகின்றன. ஆகவே தெம்பேக்குத் தேவை புதிய பயிரன்று, புதிய அறிவே. ஆனால், இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். வீட்டிலே தானாகப் பிடிக்கும் பூசணத்தைக் கொண்டு இதனைச் செய்யலாகாது. தூய்மையான வித்தை ஆய்வுக் கூடத்தில் வளர்த்தே பெறவேண்டும். பசறையின் இரவு 30 பாகைக்கு வெகு கீழே இறங்கிவிடுமாதலால் அடுப்பின் கதகதப்பும் தேவை. சாவகத்திலேயே, சோயாவுக்குப் பதிலாகத் தேங்காய்ப் பிண்ணாக்கில் தெம்பே செய்தபோது, கொடிய பற்றீரியா ஒன்று புகுந்து நஞ்சை உண்டாக்கி, பல ஆண்டுகளாகப் பலரின் உயிரைக் குடித்தது. 1988இல் இந்தோனேசிய அரசு அத்தகைய தெம்பேயைத் தடைசெய்தது. தேங்காய் மிகுந்த நம் நாட்டில் இப்பாடத்தை ஒருபோதும் மறக்கலாகாது. ஆகவே, ஒரு வீடு தனித்து முயல்வதைவிட, பயிற்சி பெற்ற மாதர் குழுவொன்று, தோட்டத்துக்கொரு சிறு கூடத்தில், பல்கலைக்கழகத்தின் துணையோடு தொடங்குவதே தக்க வழி.

துடைத்தாலும் போகாத நஞ்சு

இனி அந்த மூதாட்டியின் சுளகுக்கு வருவோம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணந் தெரியாமல் மடிந்தன. ஆராய்ந்தபோது, அவற்றுக்கு ஊட்டிய பிரேசில் நாட்டு நிலக்கடலைப் பிண்ணாக்கிலே அஸ்பெர்ஜிலஸ் பிளேவஸ் என்னும் பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சு இருந்தது. அஃப்லடொக்சின் என்று அதற்குப் பெயரிட்டனர். ஈரலைத் தாக்கிப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று அது இன்று ஐயமற நிறுவப்பட்டுள்ளது. ஈரல் அழற்சி நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து பன்மடங்காகின்றது.

யப்பானியர் போற்றும் கோஜிப் பூஞ்சணம் இதன் உடன்பிறப்பைப் போன்றது. 2005இல் கோஜியின் மரபுத்தொகுதி முழுமையாக வெளியிடப்பட்டது. நஞ்சை உண்டாக்கும் மரபணுக்களின் எச்சங்கள் அதனுள்ளும் இருக்கின்றன. ஆனால் அவை செயலிழந்து கிடக்கின்றன. கொடிய காட்டு உயிரொன்று தலைமுறை தலைமுறையாக மனிதன் வளர்ப்பில் சாதுவாயிற்று, ஓநாய் நாயானது போல. கண்ணாற் பார்த்து இரண்டையும் பிரித்தறிதல் வல்லுநர்க்கும் அரிது. சுளகில் பூத்த பச்சை எது என்று நாம் எங்ஙனம் அறிவோம்?

அஃப்லடொக்சின் பொரிப்பதாலோ வறுப்பதாலோ அவிப்பதாலோ முற்றாக அழிவதில்லை. பூஞ்சணத்தைத் துடைத்தெடுத்தாலும், மணிக்குள்ளே ஊறிய நஞ்சு அங்கேயே இருக்கும். நிலக்கடலை, சோளம், கொப்பரை, செத்தல் மிளகாய் ஆகியவையே இதற்கு மிகவும் இலக்காகின்றன. இது எங்கோ நடக்கும் சமாசாரமன்று. 2021இல் நம் நாட்டுக்கு இறக்குமதியான தேங்காயெண்ணெயில் இந்நஞ்சு கண்டறியப்பட்டது. 2022இல் தாய்மாருக்கும் சேய்களுக்கும் வழங்கும் திரிபோஷா மாவுக்குரிய சோளத்தைப் பற்றி இதே கேள்வி எழுந்து நாடெங்கும் பேசப்பட்டது.

ஆகவே, இல்லத்தரசிகள் சில விதிகளை மனத்திற் பதித்துக்கொள்வது நலம். கடலை, சோளம், மிளகாய் ஆகியவற்றை மாரிக்கு முன் நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத கலத்தில், தரையில் படாமல் வைக்க வேண்டும். மழைக்காலத்தில் ஒரு மாதத்துக்கு வாங்காமல், ஒரு கிழமைக்கு வேண்டியதை மட்டும் வாங்குதல் நன்று. சுருங்கிய, நிறம் மாறிய, கசக்கின்ற கடலை மணியை உண்ணலாகாது. பாணின் ஒரு மூலையில் பச்சை தெரிந்தால் அம்மூலையை மட்டும் கிள்ளியெறிதல் போதாது. மென்மையான உணவில் இழைகள் கண்ணுக்குப் புலப்படாமல் ஆழமாகப் படர்ந்திருக்கும். கெட்டதைக் கோழிக்கும் மாட்டுக்கும் போடுவதும் தவறு. பசு உண்ட நஞ்சின் ஒரு பகுதி அதன் பாலிலே இறங்கி மீண்டும் நம் பிள்ளையின் கோப்பைக்கே வருகின்றது.

இவற்றைச் சொல்வது எளிது. "காசு குடுத்து வாங்குன பொருளு" என்ற சொல்லுக்கு இவை முழுமையான விடையாகா என்பதையும் நான் அறிவேன். உலர்ந்த களஞ்சியமும் ஒழுகாத கூரையும் இல்லாத லயத்திலே பூஞ்சணத்தைக் குறைகூறிப் பயனில்லை. நல்ல வீடும், தரமறிந்து விற்கும் கடையும், நியாயமான கூலியும் சேர்ந்தாலன்றி, எறிய வேண்டியதை எறியும் துணிவு ஏழைக்கு வாராது.

அன்று அம்மூதாட்டியிடம் எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். நம்பினாரோ இல்லையோ, நெடுநேரம் சுளகைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, துடைத்து வைத்த மணிகளில் ஒரு பிடியை எடுத்து, வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பேரப்பிள்ளையைப் பார்த்தார், கடலையைப் பார்த்தார். "இந்தப் புள்ளைக்கா குடுக்கப் பாத்தேன்?" என்று மெல்லச் சொல்லிக்கொண்டு, அப்பிடியை அடுப்பு நெருப்பிலே போட்டார், மீதியையும் போட்டார். நெருப்பு ஒரு கணம் ஓங்கி எரிந்தது.

ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர் மடூல்சீமையில் ஒரு பூஞ்சணம் நம்மவர் வாழ்வை நம்மைக் கேளாமலே மாற்றியமைத்தது. அன்று அதனை நாம் அறிந்திருக்கவில்லை. இன்று அறிந்திருக்கின்றோம். அறிவு உள்ள இடத்தில் பகைவனும் பணியாளனாவான். எறிய வேண்டியதை எறிந்த அதே கை, வளர்க்க வேண்டியதை வளர்க்கவும் கற்றுக்கொண்டால், பசறையின் மழைக்காலம் கவலைக்குரிய காலமாக மட்டும் இராது.